கைலிக்குப் பெயர் தந்த ஊர்

ஜவுளி வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகள் ஓட்டியும், சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவிலுள்ள பழவேற்காட்டை நாம் பார்த்ததில்லை. சென்ற மாதம்தான் சங்க நண்பர்கள் மூவருடன் பொன்னேரி வழியாகப் போய் வந்தோம்.

இன்று அது மீனவர் ஊர். ஏரிக்கரையில் இறாலும் நண்டும் ஏலம் போகின்றன. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரத்தை மணல் மூடிக்கொள்வது குப்பத்து மக்களின் நெடுநாள் குறை.

தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே பெயரும் குடும்பச் சின்னமும் பொறித்த பெரிய பெரிய கற்கள். 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டையோ இன்று புதர் மண்டிய மேடு.

டச்சுக்காரர் இங்கு வந்தது துணிக்காக. ஜாதிக்காயும் கிராம்பும் விளையும் கிழக்குத் தீவுகளில் வெள்ளிக்காசைவிட நம் பக்கத்துத் துணிக்கே மதிப்பு அதிகம். நெசவாளருக்கு முன்பணம், மாதிரி பார்த்துக் கொள்முதல், தரம் குறைந்தால் தள்ளுபடி என்று எல்லாம் நமக்குத் தெரிந்த வழக்கமே. மலாய் மொழியில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘காயின் பெலெகாட்’ என்றுதான் பெயர். பெலெகாட் என்பது புலிகாட், அதாவது இந்தப் பழவேற்காடு!

அந்தக் கம்பெனிக்குச் சரக்குச் சேர்த்துத் தந்தவர்களில் முதல்வர் ‘மலையா’ எனப்பட்ட அச்சுதப்பச் செட்டி. அவர் 1634இல் மறைந்தபின் தம்பி சின்னண்ணச் செட்டி தொழிலை ஏற்றார். சொந்தக் கப்பல் விட்ட குடும்பம். டச்சுக்காரருக்கு இத்தனை கல் இருக்கிற ஊரில் இவர்கள் பெயர் சொல்ல ஒரு கல்லையும் நாம் காணவில்லை.

பெருமை மட்டும் பேசினால் கணக்கு நேராகாது. பஞ்ச காலங்களில் மனிதர்களையும் அடிமைகளாக விலைக்கு வாங்கி, இதே துறையிலிருந்து பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அதுவும் பேரேட்டில் ஏறிய வரவுதான்.

இங்கே ஊன்ற முடியாத ஆங்கிலேயர் 1639இல் சென்னையில் இடம் பிடித்தனர். டச்சுத் தலைமையிடம் 1690இல் நாகப்பட்டினம் போயிற்று. 1825இல் ஊரே ஆங்கிலேயர் கைக்கு வந்தது.

திரும்பும்போது கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் நுழைந்து, “தம்பி, இந்த ஊர்க் கைலி இருக்கிறதா?” என்று கேட்டோம்.

“நல்ல சரக்கு இருக்குங்க ஐயா” என்று எடுத்துப் போட்டார். லேபிளில் ஈரோடு என்றிருந்தது.