வணிக ஒப்பந்தங்களின் விளைவை அளத்தல்: ஈர்ப்பு மாதிரி – ஒரு விளக்கம்

முன்னுரை

ஓர் ஒப்பந்தத்திற்குப் பின் இரு நாடுகளுக்கிடையே வணிகம் பெருகியது என்பதைக் கொண்டே, அப்பெருக்கம் ஒப்பந்தத்தால் விளைந்தது எனக் கூறிவிட இயலாது. வருமான வளர்ச்சியும் நாணய மாற்று வீதமும்கூட அதற்குக் காரணமாகலாம். ஒப்பந்தம் இல்லாதிருப்பின் வணிகம் எவ்வளவாக இருந்திருக்கும் என்பதே கண்டறியப்பட வேண்டியதாகும். அதனை மதிப்பிடும் வழியைப் பொருளாதார அளவையியல் தருகிறது.

ஈர்ப்பு மாதிரி

இரு நாடுகளின் வணிகம் அவற்றின் மொத்த உற்பத்தியோடு கூடும். தொலைவு மிகும்போது குறையும். 1962இல் யான் டின்பெர்கன் இக்கருத்தைத் தொடர்புப் போக்குச் சமன்பாடாக மதிப்பிட்டார். ஒப்பந்தம் இருப்பின் 1, இல்லையெனில் 0 எனக் கொள்ளும் போலி மாறியின் கெழு, ஒப்பந்தத்தின் விளைவைக் காட்டும். மடக்கைச் சமன்பாட்டில் கெழு 0.5 எனில் வணிக உயர்வு 50 விழுக்காடு அன்று. ஏறத்தாழ 65 விழுக்காடாகும்.

இரு இடர்ப்பாடுகள்

முதலாவது, நாடுகள் ஒப்பந்தத்தைத் தற்செயலாகச் செய்துகொள்வதில்லை. உள்நாட்டு விதிமுறைகளால் வணிகம் தடைப்பட்டிருக்கும் நாடுகள், மிகுந்த பயனை எதிர்பார்த்து ஒப்பந்தத்தை நாடக்கூடும். அந்நிலையில் எளிய மதிப்பீடு உண்மை விளைவைக் குறைத்துக் காட்டும். பேயர், பெர்க்ஸ்ட்ராண்ட் ஆகியோர் 2007இல், ஒவ்வொரு நாட்டிணைக்கும் உரிய மாறாத இயல்புகளைக் கட்டுப்படுத்தி மதிப்பிட்டனர். தடையற்ற வணிக ஒப்பந்தம் உறுப்பு நாடுகளின் வணிகத்தைப் பத்தாண்டுகளில் சராசரியாக ஏறத்தாழ இருமடங்காக்குகிறது என்பது அவர்தம் முடிவு.

இரண்டாவது, வணிகமே நிகழாத நாட்டிணைகளின் மதிப்பு சுழி. சுழிக்கு மடக்கை இல்லை. அவற்றை விலக்கினால் மதிப்பீடு பிறழக்கூடும். சாண்டோஸ் சில்வா, டென்ரெய்ரோ ஆகியோர் 2006இல் பரிந்துரைத்த பாய்சான் சார்ந்த முறை, சுழி மதிப்புகளையும் உள்ளடக்குகிறது.

கெழு சொல்லாதது

இந்திய–இலங்கைத் தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வனஸ்பதி ஏற்றுமதி விரைந்து பெருகியது. பாமாயில் மீதான வரி இந்தியாவில் மிகுந்தும் இலங்கையில் குறைந்தும் இருந்ததே அதற்கு முதன்மைக் காரணம். இவ்வரி வேறுபாட்டால் எழுந்த வணிகத்தையும் கெழு ஒப்பந்தத்தின் வெற்றியாகவே கணக்கிடும்.

முடிவுரை

நிலைத்த விளைவுகளும் பாய்சான் முறையும் கெழுவைத் திருத்தமாக்கும். ஆயின் பெருகிய வணிகம் நலம் பயந்ததா என்பதைச் சொல்லா. எனவே, மொத்த வணிக மதிப்பீட்டோடு பொருள்வாரித் தரவுகளையும் சுங்கவரிப் பட்டியலையும் இணைத்து ஆராய்வது இன்றியமையாததாகும்.