தலைக்கு மேலே மரியாதை!

திருத்தணி மலைப்படி 365. வருஷத்தில் நாளுக்கு ஒன்று என்பார்கள். அத்தனையும் பயபக்தியோடு ஏறுகிற நம் ஆட்கள், மொட்டை போடும் இடத்தில் திடீர் ஆபீஸராகி விடுவதை நான் பார்த்திருக்கிறேன். 'ஏய், சீக்கிரம் வழிப்பா!'

எல்லை ஊராச்சே! அவரோ நமக்குத் தமிழ், ஆந்திராக்காரருக்குத் தெலுங்கு என்று மாறி மாறிப் பேசி, அழும் குழந்தையையும் சமாளிக்கிறார். பதிலுக்குச் சுருக்கென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போச்சு... 'எவ்வளவு திமிர் பாருய்யா!'

2021-ல் அறநிலையத்துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணத்தை ரத்து செய்தார்கள். கட்டணத்தைத்தான் சார், மரியாதையை அல்ல!

'வாங்க, போங்க' என்று பேச என்ன செலவு? முருகனுக்கு முன்னால் நாம் தலை குனிவது அவரிடம்தான். தவிர, கத்தியும் அவர் கையில்தான்!