ரியல் எஸ்டேட் டல்லா இருக்கா... தொழிலை விடுறதா, தொடர்றதா? மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒரு கணக்கு

கடலூர் - பண்ருட்டி சாலையில் பஸ்ஸில் போனால் மேல்பட்டாம்பாக்கம் வரும். சாலையோர நிலங்களில் கல் நட்ட மனைகள், காற்றில் வெளுத்துப்போன கலர் கொடிகள். மார்க்கெட் சூடாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டுக்கு கார்கள் வரிசை கட்டும். டல்லடித்தால் அதே இடத்தில் ஆடு மேயும்.

இந்தப் பக்கத்து மனைத் தொழிலுக்கு நெய்வேலி ஒரு முக்கிய ஆதாரம். என்எல்சி ஊழியர்கள் ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். அதற்குள் சொந்தமாக ஒரு மனை, ஒரு வீடு என்று வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, கடலூர் வரை தேடுவார்கள். அந்தத் தேடல் நிற்பதில்லை. ஆனால் முடிவு தள்ளிப்போகும். “பார்த்துட்டு சொல்றோம்ணே” என்ற பதில் ஆறு மாதம் தொடர்ந்தால், கமிஷனை நம்பி இருக்கும் இளைஞர் என்ன செய்வார்?

இதைவிட மோசமான காலம் வந்திருக்கிறதா?

வந்திருக்கிறது. 2016 செப்டம்பர் 9 அன்று, அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. வழக்கறிஞர் யானை ராஜேந்திரன் தொடர்ந்த பொதுநல வழக்கில் வந்த உத்தரவு அது. விவசாய நிலத்தைக் கூறுபோட்டு, பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்றுவந்த ஊர்களில் வியாபாரம் ஒரே நாளில் நின்றது. இரண்டே மாதத்தில், நவம்பர் 8-ம் தேதி, பணமதிப்பிழப்பு. டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கக்கூட கையில் நோட்டு இல்லை.

2016 அக்டோபர் 20-க்கு முன் விற்பனையான மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதம் வந்தன. அதன் பிறகுதான் சந்தை மூச்சு விட்டது. அந்தக் காலத்தில் பலர் தொழிலை விட்டுப் போனார்கள். நின்றவர்களுக்கு ஒரு பாடம் மிஞ்சியது: சந்தை திரும்பும், ஆனால் பழைய மாதிரியே திரும்பாது. அதற்குப் பிறகு மனை வாங்க வந்தவர் முதலில் கேட்ட கேள்வி “சென்ட் என்ன விலை?” இல்லை, “டிடிசிபி அப்ரூவல் இருக்கா?” என்பதுதான்.

வாங்குபவர் ஏன் தயங்குகிறார்?

மனை விலை மட்டும் காரணமில்லை. பதிவுச் செலவைப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பு 9 லட்சம் ரூபாய் உள்ள ஒரு மனைக்கு 2017 ஜூனுக்கு முன் முத்திரைத் தீர்வையும் கட்டணமும் சேர்த்து 8 சதவீதம், அதாவது 72,000 ரூபாய். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 சதவீதமாக உயர்த்தினார்கள். செலவு சுமார் 66,000. 2023 ஏப்ரலில் மதிப்பு பழைய நிலைக்குப் போனது, கட்டணம் 2 சதவீதமாகக் குறைந்தது. மொத்தம் 9 சதவீதம், அதாவது 81,000 ரூபாய்.

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. அதே மனைக்கு 9,000 ரூபாய் மிச்சம். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டும் தரகரிடம் பார்ட்டி திரும்ப வருவார். “மார்க்கெட் ஏறப்போகுது, சீக்கிரம் முடிங்க” என்று அவசரப்படுத்துபவரிடம் வரமாட்டார்.

அப்போ நம்பிக்கைக்கு என்ன அர்த்தம்?

அடுத்த மாதம் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பது நம்பிக்கை இல்லை. எப்போது சரியாகும் என்று தரகரால் சொல்ல முடியாது. வட்டி ஏறுவதும் இறங்குவதும் அவர் கையில் இல்லை. ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம், 2023 பிப்ரவரியில் 6.5. பிறகு 2025 ஜூனில் 5.5-க்கு இறங்கியது. அவர் கையில் இருப்பவை வேறு.

முதலாவது, கையிருப்பு. 10 லட்சம் ரூபாய் மனைக்கு ஒரு பக்கம் 1 சதவீதம் கமிஷன் என்றால் 10,000 ரூபாய். வீட்டுச் செலவு மாதம் 15,000 என்றால், ஆறு மாதம் வியாபாரமே இல்லாமல் ஓட்ட 90,000 வேண்டும். நல்ல மாதத்துக் கமிஷனில் ஒரு பங்கை இதற்காக ஒதுக்காதவர், டல்லான மாதத்தில் எந்த மனையையும் விற்கத் துணிவார். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, பதிவு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது 8-க்கு மேற்பட்ட வீடுகளுடன் வரும் திட்டங்களை ரெராவில் பதிய வேண்டும். அதில் விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து மதிப்பில் 5 சதவீதம் வரை போகலாம். வியாபாரம் இல்லாத மாதங்கள் இதை முடிக்க நல்ல நேரம்.

மூன்றாவது, ஊர் அறிவு. வில்லங்கம், பட்டா, மூலப்பத்திரம் பார்க்கப் பழகியவருக்கு டல் சீசனிலும் வேலை உண்டு. பாகப்பிரிவினை, பட்டா மாற்றம், வாடகை வீடு எல்லாம் நிற்பதில்லை. இன்னும் முக்கியமானது தண்ணீர். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை திறக்கப்பட்டு, தென்பெண்ணை வெள்ளம் கடலூர் பக்கக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. எந்த மனையில் தண்ணீர் நின்றது, எந்த சர்வே எண் சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் பகுதியில் வருகிறது என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். அதை மறைத்தால் ஒரு கமிஷன் கிடைக்கும். ஆனால் பி.எஃப். பணத்தைப் போட்டு மனை வாங்கிய ஒரு குடும்பம் மழைக்காலம்தோறும் அவர் பெயரைச் சொல்லும்.

எப்போது விட்டுவிடலாம்?

கடன் வாங்கித்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது என்றால், வேறு வேலை பார்த்துக்கொண்டே இதைப் பகுதி நேரமாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. அது தோல்வியும் இல்லை. அங்கீகாரமில்லாத மனையை விற்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை வந்தால், விலகி நிற்பதே நல்லது.

தொடர்பவர்களுக்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. “பார்த்துட்டு சொல்றோம்ணே” என்றவர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பெயர், பட்ஜெட், ஓய்வு பெறும் வருடம். அந்த வருடம் வரும்போது அவர்களுக்கு மனை தேவைப்படும். முதல் போன் உங்களுடையதாக இருக்கட்டும்.