பழைய இன்ஜினுக்குக் கூடுதல் மூச்சு

1981 ஜனவரியில் மான்டி கார்லோ ராலியை வென்றது ரெனோ 5 டர்போ என்ற குட்டிக் கார். ஓட்டியவர் ழான் ரான்யோட்டி. எனக்கு அதில் பெரிய வியப்பு இன்ஜின்தான். வார்ப்பிரும்பு பிளாக்கும் புஷ்ராடும் கொண்ட அந்த வடிவம் 1962-லேயே வந்தது. சாதாரணக் குடும்பக் கார்களில் ஓடியது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் நெரவிப் பக்கத்தில் பிரான்சில் சொந்தபந்தம் உள்ள வீடுகள் நிறைய. ரெனோ இங்கே அந்நியப் பெயரல்ல.

புது இன்ஜின் செய்யாமல் பழையதையே ஏன் எடுத்தார்கள்? போட்டி விதிப்படி டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.4-ஆல் பெருக்க வேண்டும். 1397 சி.சி. அப்படிப் பெருக்கினால் 1956, 2000 சி.சி. பிரிவுக்குள் அடங்கிவிடும். அதே 1397 சி.சி. இன்ஜின் டர்போ இல்லாத ரெனோ 5 ஆல்பைனில் 93 குதிரைத்திறன் தந்தது. டர்போ காரில் 160.

டர்போ செய்யும் வேலை எளியது. சைலன்சர் வழியே வீணாகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளும். காற்று கூடினால் பெட்ரோலும் கூடுதலாக எரியும். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூகி 1905-லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

சிக்கல் சூட்டில் இருக்கிறது. சைக்கிள் பம்ப்பின் அடிப்பாகத்தைத் தொட்டவர்களுக்குத் தெரியும், அழுத்தினால் காற்று சுடும். நெரவியின் 35 டிகிரி வெயிலில் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்துவதாகக் கொள்வோம். டர்போவின் திறன் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தால் காற்று ஏறக்குறைய 90 டிகிரியில் வெளிவரும். சூடான காற்று விரியும் அல்லவா? ஆகவே அழுத்தம் 50 சதவீதம் ஏறினாலும் உள்ளே போகும் காற்று 27 சதவீதம்தான் கூடும். இடையில் ஓர் இன்டர்கூலர் வைத்து 50 டிகிரிக்கு இறக்கினால் அது 40 சதவீதத்தைத் தாண்டும். இன்டர்கூலர் அலங்காரம் அல்ல என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

எங்கள் கடலோரக் காற்றில் இன்னொரு விசேஷமும் உண்டு. 35 டிகிரியில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் காற்றில் ஏறத்தாழ 4 சதவீதம் நீராவி. அது ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் சக்தி சற்றுக் குறையும். ஆனால் நாக்கிங்கையும் கொஞ்சம் அடக்கும்.

அந்த நாக்கிங்தான் பழைய இன்ஜினின் எமன். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், ஓரத்தில் நசுங்கிச் சூடேறிய மீதிக் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும். அழுத்த அலைகள் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடிக்கும். ரிங் உட்காரும் விளிம்பு உடையும். இதைத் தடுக்க ரெனோ பொறியாளர்கள் முதலில் தொட்டது அழுத்த விகிதத்தை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பதை. ஆல்பைனில் 10 ஆக இருந்ததை 7 ஆக்கினார்கள். வெளியே இருந்து திணிப்பதற்கு முன் உள்ளே நசுக்குவதைக் குறைத்தார்கள். சக்தி கூட்டுவதற்கான முதல் வேலையே சக்தியைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

நம் தெருக்களில் இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான இன்ஜின் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி., 40 குதிரைத்திறனுக்குள். இதே குடும்பத்தைச் சேர்ந்த 543 சி.சி. இன்ஜினில் டர்போவும் இன்டர்கூலரும் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வும் வைத்து, 1987-இல் ஜப்பானில் சுசுகி 64 குதிரைத்திறன் எடுத்தது. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அதற்கென்று கட்டப்பட்டது. பல வருஷம் ஓடிய 800-இல் கம்ப்ரஷன் கேஜை வைத்து மூன்று சிலிண்டரையும் அளந்து பார்ப்பதுதான் தொடக்கம். ஒன்று மட்டும் இறங்கியிருந்தால் ரிங்கோ வால்வோ ஹெட் கேஸ்கட்டோ பழுதாகியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் டர்போவைப் பற்றிப் பேசுவதே தவறு. அதன் பிறகு குழிந்த தலையுள்ள பிஸ்டன், உறுதியான கேஸ்கட், முழு அழுத்தத்தில் கலவை நீர்த்துப்போகாத எரிபொருள் ஏற்பாடு, டர்போவின் அழுத்தம் ஏறும்போது ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும் வசதி எல்லாம் வேண்டும். பழைய கார்புரேட்டரை அப்படியே நம்பக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, வண்டியை உற்பத்தியாளர் தந்த அமைப்பிலிருந்து இஷ்டத்துக்கு மாற்ற விடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஆகவே இப்படிப்பட்ட இன்ஜினுக்கு உரிய இடம் இருங்காட்டுக்கோட்டை போன்ற பந்தயத் தளம்.

ஆயில் கடைசி, ஆனால் சின்ன விஷயமல்ல. டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். அதைத் தாங்குவது ஆயிலின் மெல்லிய படலம் மட்டுமே. ஆயில் அழுத்தத்தோடு உள்ளே போகும், வெளியே வருவதோ தன் எடையால் வழிந்துதான். அதனால் வடிகுழாய் அகலமாக, மடங்காமல், சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். வேகமாக ஓட்டி வந்த கையோடு சாவியைத் திருப்பினால் ஆயில் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய ஆயில் பேரிங்கிலேயே கரியாகிவிடும். ஒரு நிமிஷமாவது ஐடிலில் ஓடவிட்டுத்தான் இன்ஜினை அணைக்க வேண்டும்.