வாக்களிப்பு நிலையத்துக்குள் என்ன நடக்கிறது? ஒரு தலைமை தாங்கும் அலுவலரின் விளக்கம்

கடந்த 2025 மே 6ஆம் திகதி நாட்டின் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. நிந்தவூரிலும் சம்மாந்துறையிலும் அக்கரைப்பற்றிலும் மக்கள் வரிசையில் நின்றார்கள். கல்முனை மாநகர சபைக்கு மாத்திரம் நீதிமன்ற வழக்கின் காரணமாகத் தேர்தல் இல்லை. கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்கும் இன்றுவரை தேர்தல் நடக்கவில்லை. ஆக, எமது மக்கள் போட வேண்டிய வாக்குகள் இரண்டு பாக்கி இருக்கின்றன. அவை என்றோ ஒரு நாள் வரத்தான் போகின்றன.

வாக்குப் போடுவது எப்படி என்று மேடைதோறும் சொல்கிறார்கள். ஆனால் வாக்களிப்பு நிலையத்துக்குள் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் தேர்தல் முடிந்த மறுநாள் கல்முனைக்குடி தேநீர்க் கடைகளில் கதைகள் பிறக்கின்றன. "சேர், பெட்டிய வழியில மாத்திடுவாங்களாமே?" "நீங்க நினைச்சா நாலு கள்ள வோட்டு போட்டுத் தரலாம்தானே?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஆசிரியராகிய நான் எழுதுவினைஞராகவும், பின்னர் கனிஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகவும், கடந்த சில தேர்தல்களில் சிரேஷ்ட தலைமை தாங்கும் அலுவலராகவும் கடமை செய்தவன். அந்த அனுபவத்தில் சிலவற்றை இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒன்று. எமது சொந்த வட்டாரத்தில் எமக்குக் கடமை தரப்படுவதில்லை. மாவட்டத்துக்குள் வேறோர் ஊருக்கு அனுப்புவார்கள். எமது வாக்கைத் தபால் மூலம் முன்கூட்டியே போட்டுவிடுவோம். எனது குழுவில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருப்பார்கள். பெரும்பாலும் முதல் நாள் காலையில்தான் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்ப்போம். மறுநாள் மாலை வரை ஒரு நிலையத்தை ஒன்றாக நடத்த வேண்டும்.

முதல் நாள்

பொருட்களை அம்பாறையில் பொறுப்பேற்போம். வாக்குப் பெட்டி, வாக்குச்சீட்டுக் கட்டுகள், வாக்காளர் இடாப்பு, முத்திரைகள், அழியாத மை, மறைப்பு அட்டைகள், படிவங்கள், கடித உறைகள் என்று பட்டியல் நீளமானது. வாக்குச்சீட்டுகளின் தொடரிலக்கங்களை அங்கேயே ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். பஸ் புறப்படப் போகிறது என்று அவசரப்படுத்துவார்கள். அந்த அவசரத்தில் ஒப்பம் வைத்தால், மறுநாள் மாலை கணக்கு முட்டி நிற்கும்.

பின்னர் பொலிஸ் பாதுகாப்போடு பாடசாலைக்குப் போய்ச் சேர்வோம். மேசைகளைப் போட்டு, வாக்காளர் ஒரு வாசலால் வந்து மறு வாசலால் போகும்படி வழியமைப்போம். பெட்டி எங்கே வைக்கப்பட வேண்டும் என்பதே அன்றைய பெரிய தீர்மானம். எனது கதிரையிலிருந்தும் முகவர்களின் வாங்கிலிருந்தும் பெட்டி தெரிய வேண்டும். ஆனால் வாக்காளர் புள்ளடி இடும் இடத்தை யாரும் எட்டிப் பார்க்க முடியாதிருக்க வேண்டும்.

இரவில் சாப்பாட்டுப் பிரச்சினை வரும். எமது பகுதி மக்கள் விருந்தோம்பலில் குறை வைக்காதவர்கள். கடமைக்கு வந்தவர் பட்டினி கிடக்கக் கூடாது என்று புரியாணிப் பார்சலோடு வருவார்கள். கொண்டு வருபவர் ஒரு கட்சியின் அமைப்பாளராக இருந்தால்? "வேணாம் காக்கா, எங்கட சாப்பாட்டை நாங்க ஒழுங்கு செஞ்சிட்டோம்" என்று சிரித்த முகத்தோடு திருப்பி அனுப்ப வேண்டியதுதான். அந்தப் பார்சலை வாங்கினால், அடுத்த நாள் அவர் சொல்லும் எதற்கும் என்னால் "இல்லை" என்று சொல்ல முடியாது. அதைப் பார்த்த மற்றக் கட்சிக்காரருக்கும் எம்மில் நம்பிக்கை இருக்காது.

காலை 7 மணிக்கு முன்

வாக்களிப்பு தொடங்குமுன் முகவர்களை அழைத்து வெறும் பெட்டியைத் திறந்து காட்டுவோம். கையை விட்டுத் தடவிப் பார்க்கவும் சொல்வேன். பின்னர் அவர்கள் கண்முன்னே மூடி முத்திரையிடுவோம். பெட்டியை வழியில் மாற்றிவிடுவார்கள் என்று தேநீர்க் கடையில் சொல்பவர் இந்த நேரத்தில் வந்து நிற்பதில்லை. மாலையில் பெட்டியின் துவாரத்தை அடைத்து முத்திரையிடும்போதும் முகவர் அங்கே இருக்கலாம். தனது முத்திரையையும் வைக்கலாம். கட்சிகள் பல இடங்களில் அனுபவமில்லாத பொடியன்களை முகவர்களாக அனுப்புகின்றன. அவர்கள் பகல் சாப்பாட்டோடு காணாமல் போய்விடுகிறார்கள். மாலைக் கணக்கு முடியும்வரை இருப்பவர்தான் முகவர். நிலையத்துக்குள் நடக்கும் ஒவ்வொன்றையும் சட்டப்படி பார்க்க உரிமையுள்ள கண் அவருடையது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரையோ, நிதானமான ஒரு பெண்மணியையோ அனுப்பினால் கட்சிக்கும் நல்லது, எமக்கும் நல்லது.

மேசை வரிசை

வாக்காளர் உள்ளே வந்ததும் முதல் அலுவலர் அடையாள அட்டையைப் பார்த்து, இடாப்பிலுள்ள இலக்கத்தையும் பெயரையும் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிப்பார். முகவர்களும் தமது இடாப்பில் பார்ப்பார்கள். ஆட்சேபனை இல்லையென்றால் பெயரின் மேல் கோடு விழும். அடுத்தவர் விரலில் மை பூசுவார். அடுத்தடுத்துத் தேர்தல் வந்தால் பழைய மையோடு குழம்பாமலிருக்க வேறு விரலில் பூசுவார்கள். மற்றவர் வாக்குச்சீட்டில் உத்தியோகபூர்வ அடையாளத்தைப் பதித்துக் கொடுப்பார்.

இந்த அடையாளம் மிக முக்கியமானது. அது இல்லாத சீட்டு எண்ணும் இடத்தில் நிராகரிக்கப்படும். அதாவது, வாக்காளர் ஒரு பிழையும் செய்யாமலே அவரது வாக்கு வீணாகும். எனவே அந்த மேசையில் வேகமானவரை நான் இருத்துவதில்லை. நிதானமானவரைத்தான் இருத்துவேன். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஆளை மாற்றுவேன். ஒரே வேலையை நூறு தடவை செய்த கை நூற்றோராவது தடவை மறக்கும். வகுப்பறையில் பிள்ளைகளிடம் இதைத்தான் பார்க்கிறோம். ளுஹர் தொழுகைக்கும் பகல் சாப்பாட்டுக்கும் இருவர் இருவராகத்தான் அனுப்ப வேண்டும். நான் எழும்பினால் கனிஷ்ட தலைமை தாங்கும் அலுவலர் எனது கதிரையில் இருப்பார். எந்த நேரத்திலும் ஒரு மேசைகூட வெறுமையாக இருக்கக் கூடாது.

முகத்தை மூடி வரும் சகோதரிகளின் விடயத்தில் எமது பகுதியில் அடிக்கடி மனக்கசப்பு வருவதுண்டு. ஆளை அடையாளம் காண்பதற்கு முகம் தெரியத்தான் வேண்டும். அதில் எமக்கு வேறு வழியில்லை. ஆனால் அதைக் கண்ணியமாகச் செய்யலாம். பெண் அலுவலர் ஒருவரை முதல் மேசையில் இருத்தினால், வரிசையில் நிற்கும் ஆண்களுக்கு முன்னால் யாரும் சங்கடப்பட வேண்டியதில்லை.

தெரிந்திருக்க வேண்டிய சில உரிமைகள்

தபாலில் வரும் வாக்காளர் அட்டை மட்டும் போதாது. தேசிய அடையாள அட்டை, செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட ஆவணம் ஒன்று வேண்டும். "எனக்குத் தெரிஞ்ச பொடியன் சேர், விடுங்க" என்று முகவர் சொன்னாலும் விட முடியாது. எதுவுமே இல்லாதவர் கிராம உத்தியோகத்தர் ஊடாக முன்கூட்டியே தற்காலிக அடையாளப் பத்திரம் பெறலாம்.

கை தவறிச் சீட்டைப் பழுதாக்கிவிட்டால் அதைப் பெட்டியில் போடாதீர்கள். என்னிடம் திருப்பித் தந்தால் வேறு சீட்டுத் தருவேன். இந்த உரிமை பலருக்குத் தெரியாது. உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே வாக்களித்திருந்தால் அழுதுகொண்டு வீட்டுக்குப் போக வேண்டாம். வெளிப்படுத்தல் படிவம் நிரப்பி, அதற்கென்றே உள்ள தனிச்சீட்டில் வாக்களிக்கலாம். அது பெட்டிக்குள் போகாது, தனி உறையில் வைக்கப்படும். ஆனால் பின்னர் வழக்கொன்று வந்தால் அது சாட்சியாக நிற்கும். பார்வையற்றவரும் உடல் இயலாதவரும் 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி ஓர் உதவியாளரோடு வரலாம். அதற்குரிய சான்றிதழை முதலே எடுத்து வைக்க வேண்டும். மூத்தம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்த பிறகு படிவம் தேடினால் எல்லோருக்கும் கஷ்டம்.

2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 667,240. அளிக்கப்பட்ட ஒவ்வொரு நூறு வாக்கிலும் ஐந்துக்கு மேல். அதே ஆண்டு செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில், சீட்டில் 39 பெயர்கள் இருந்தும், நிராகரிக்கப்பட்டவை 300,300 மட்டுமே. பொதுத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி இடாமல் விருப்பு இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி இட்டால் வாக்குச் செல்லாது. இரண்டு கட்சிகளுக்கு இட்டாலும் செல்லாது. எமது மாவட்டத்தில் இது சிறிய விடயமல்ல. 1988ஆம் ஆண்டின் 15ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைத்தது. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெயரோடு இன்றும் சேர்த்துப் பேசப்படும் மாற்றம் அது. அந்த 5 வீதம் செல்லுபடியான வாக்குகளில்தான் கணக்கிடப்படுகிறது. ஏழு ஆசனங்களைக் கொண்ட திகாமடுல்லையில் செல்லாத வாக்கு யாருக்கும் உதவாது.

மாலை 4 மணி

ஒருமுறை 4 மணி கழிந்து ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஓடி வந்தார். கடலுக்குப் போய்த் திரும்பியவர், சறத்தில் உப்பு காயவில்லை. "அஞ்சு நிமிஷம்தானே சேர்" என்றார். நான் முடியாது என்றேன். அவருடைய முகம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவரை விட்டால் ஆறாவது நிமிடத்தில் வருபவரை எப்படித் தடுப்பது? அந்த ஆறாவது ஆள் ஒரு கட்சி ஏற்றி வந்த வானிலிருந்து இறங்கினால்?

அதன்பின் வாக்குச்சீட்டுக் கணக்கு. பெற்ற சீட்டுகள், வழங்கியவை, பழுதானவை, மீதியானவை எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒன்றுகூடப் பிசகக் கூடாது. ஒரு தேர்தலில் எனக்கு ஒன்று குறைந்தது. பஸ் வாசலில் ஹோன் அடிக்கிறது, குழுவினர் களைத்துப் போயிருக்கிறார்கள். "மீதியில ஒண்டக் குறைச்சு எழுதுங்க சேர், ஆருக்குத் தெரியும்" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னார். நாற்பது நிமிடம் தேடினோம். பழுதான சீட்டொன்று எனது குறிப்பேட்டுக்குள் இருந்தது. உறைக்குள் போட மறந்தது நானேதான். அன்று எழுதிச் சரிக்கட்டியிருந்தால், எண்ணும் நிலையத்தில் அந்த ஒரு சீட்டு எத்தனை பேருடைய சந்தேகமாக வளர்ந்திருக்கும்!

பின்னர் முத்திரையிட்ட பெட்டி பொலிஸ் பாதுகாப்போடு அம்பாறைக்குப் போகும். ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு வாங்கும்வரை எனது கண் பெட்டியை விட்டு விலகாது. உள்ளூராட்சித் தேர்தலில் எண்ணுவதும் உள்ளூரிலேயே நடப்பதால் அழுத்தம் இன்னும் அதிகம். கல்முனைக்கு அந்தத் தேர்தல் வரும்போது இதை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

இளம் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் கடமைக் கடிதம் வந்தால் மருத்துவச் சான்றிதழ் தேட வேண்டாம். நான் முதன்முதலாக எழுதுவினைஞராக இருந்தது 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில், கரையோரக் கிராமமொன்றில். சுனாமி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இடாப்போ சுனாமிக்கு முந்திய ஆண்டுக் கணக்கெடுப்பில் தயாரானது. மாலையில் அதைக் கட்டி வைக்கும்போது, ஒரே வீட்டிலக்கத்தின் கீழே நான்கைந்து பெயர்கள் கோடு விழாமல் இருந்ததைப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அப்படி இருந்தன. அந்தப் பெயர்களில் வாக்களிக்க அன்று யாரும் வரவில்லை. எங்கள் முதல் மேசையில் இருந்த அலுவலர் காலையிலிருந்து ஒவ்வோர் அடையாள அட்டையையும் இரண்டு தடவை பார்த்ததற்குக் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. இறந்தவரின் பெயரையும் யாரும் களவாடாமல் பார்த்துக்கொள்வது அவரது வேலையாக இருந்தது.

அது ஓர் அமானிதம். பாக்கியிருக்கும் தேர்தல்கள் வரும்போது, மேசைக்கு அந்தப் பக்கம் நாமும், இந்தப் பக்கம் நீங்களும் அதைப் பாதுகாப்போம், இன்ஷா அல்லாஹ்.