குருதியிற் கொழுப்பும் புடையனின் நஞ்சும்

கொழுப்பு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே எம்மவர் பலருக்கு இருதய நோயின் அச்சமே எழுகின்றது. அடங்காது பேசுவோனைக் 'கொழுப்புக் கூடியவன்' என ஏசுவதும் எம்மூர் வழக்கு. இப்பழி முழுவதும் நியாயமானதன்று. குருதியிலுள்ள கொழுப்பினப் பொருள்களுட் சில, கலத்தினின்று கலத்துக்குச் செய்தி கொண்டேகும் தூதுவர்; வேறு சில, குருதி உறைதற்கு வேண்டிய களம். இவ்விரு தொழில்களையும் ஒருங்கே காண விரும்புவோர் குருதிச் சிறுதட்டுக்களை நோக்குதல் வேண்டும்.

சிறுதட்டுக்கள் என்பு மச்சையிலுள்ள பெருங்கலங்களினின்று பிரிந்து வரும் துண்டங்கள். அவற்றுக்குக் கரு இல்லை. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 1,50,000 முதல் 4,00,000 வரை உள்ளன. ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வரையே வாழும். குருதிக்கலன் காயமுற்றதும் சிறுதட்டு அவ்விடத்தில் ஒட்டிக்கொள்ளும். உடனே அதன் மென்சவ்விலுள்ள கொழுப்பினின்று அரக்கிடோனிக்கமிலம் வெட்டி எடுக்கப்பட்டுத் துரொம்பொட்சேன் என்னும் பொருளாக மாறும். ஏறத்தாழ அரை நிமிடத்தில் அதன் பாதி அழிந்துவிடும். எனினும் அதற்குள் அயலிலுள்ள சிறுதட்டுக்களை அழைத்துத் திரட்டிக் குருதிக்கலனையும் சுருக்கிவிடுகின்றது. கலன்சுவரோ அதே அமிலத்தினின்று புரொஸ்டாசைக்கிளினை ஆக்கித் திரட்சியைத் தடுக்கின்றது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எதிரெதிர்க் கட்சியில் நிற்பது போன்றதே இது! 1975 இல் சாமுவேல்சன் குழுவினர் முன்னதையும், 1976 இல் ஜோன் வேன் குழுவினர் பின்னதையும் வெளிப்படுத்தினர். பேர்க்ஸ்ட்ரோமும் இவ்விருவரும் 1982 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

அஸ்பிரின் துரொம்பொட்சேனை ஆக்கும் நொதியத்தை நிலையாகவே முடக்குகின்றது. கருவற்ற சிறுதட்டால் அந்நொதியத்தைப் புதிதாக ஆக்கவியலாது. ஆகவே ஒரு சிறு குளிசையின் பயன் அச்சிறுதட்டின் ஆயுள் முடியுமட்டும் நீடிக்கின்றது. இருதய நோயாளருக்கு அதனைக் கொடுப்பது இக்காரணம் பற்றியே.

இனி, களமாதல். சிறுதட்டு மென்சவ்வின் உட்புறத்தே மறைந்து கிடக்கும் ஒருவகைப் பொஸ்போலிப்பிட்டு, காயம் நேர்ந்தவுடன் வெளிப்புறம் புரளும். உறைதற் புரதங்கள் கல்சியத்தின் துணையோடு அதன்மீது அமர்ந்து, துரொம்பினைப் பன்மடங்கு விரைவில் ஆக்குகின்றன. இவ்வினையை ஆராய்வதற்குக் கருவியாயிற்று, எமது வயல் வரம்பிலும் வைக்கோற் போரிலும் எலி தேடிப் பதுங்கும் புடையன் பாம்பின் நஞ்சு. அது உறைதலின் முற்படிகளைத் தாண்டிப் பத்தாம் காரணியை நேரே தூண்டவல்லது. 1934 இல் மக்பார்லேன் என்னும் ஆங்கில மருத்துவர், ஹீமோபிலியா நோயாளரின் காயத்தில் மிக ஐதாக்கிய புடையன் நஞ்சை இட்டுக் குருதி நிற்பதைக் காட்டினார். இன்றும் ஆய்வுகூடங்களில், பொஸ்போலிப்பிட்டுக்களோடு பிணைந்து உறைதலைக் குழப்பும் பிறபொருளெதிரிகளைக் கண்டறிய அந்நஞ்சே உதவுகின்றது. அவை இருப்பின் உறைதல் தாமதிக்கும்; மேலதிகமாகப் பொஸ்போலிப்பிட்டைச் சேர்க்க, தாமதம் குறையும்.

ஆனால், கடியுண்டவனின் நிலை வேறு. அவனது உடலெங்கும் உறைதல் வீணே தூண்டப்படுவதால் உறைதற் புரதங்கள் செலவழிந்து, குருதி உறையாத் தன்மை எய்துகின்றது. நஞ்சிலுள்ள வேறொரு நொதியம் மென்சவ்வுகளின் கொழுப்பையே வெட்டுகின்றது. இந்நிலையிற் கடிவாயைக் கீறுவது மற்றொரு குருதிப் பெருக்கை வலிந்து தேடுவதாகும். வலிக்கென அஸ்பிரின் கொடுப்பது எஞ்சியிருக்கும் சிறுதட்டுக்களையும் முடக்குவதாகும். மாரிகாலத்து டெங்குக் காய்ச்சலுக்கும் அஸ்பிரின் ஆகாது. (இருதய நோய்க்காக அதனை உண்போர் இதனைப் படித்துவிட்டுத் தாமாகவே நிறுத்திவிடலாகாது, வைத்தியரைக் கேட்க.)

வைத்தியசாலையில் இதனை அறியும் சோதனை மிக எளியது. சில மில்லிலீற்றர் குருதியைப் புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயிலிட்டு 20 நிமிடம் அசையாது வைப்பர். பிளாத்திக்குக் குழாய் பயன்படாது; உறைதலைத் தொடக்கி வைப்பது கண்ணாடியின் பரப்பே. பின்னர் குழாயைச் சரிக்கும்போது குருதி நீராய் ஓடின், நஞ்சு மாற்று மருந்து வேண்டும். அதனை ஏற்றி 6 மணி நேரஞ் சென்றபின் மீண்டும் சோதிப்பர். செலவான புரதங்களை ஈரல் புதிதாக ஆக்குதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும்.