எண்பத்தேழில் ஒரு பங்கு காரைக்குடி

குன்றக்குடியில் ரயில் நிலையம் கிடையாது. ரயில் ஏற வேண்டுமென்றால் பஸ் பிடித்துக் காரைக்குடி ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும். அந்த ஜங்ஷனில் ஒரு காலத்தில் வந்து நின்ற மீட்டர் கேஜ் வண்டியை, குன்றக்குடிச் சண்முகநாதர் மலையடிவாரத்தில் உட்கார்ந்து சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அதன் எஞ்சின் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும்.

மாடல் ரயில் என்றால் சாவி கொடுத்ததும் வட்டமடிக்கும் பொம்மைதான் பலருக்கு நினைவு வரும். நான் சொல்வது, நிஜ வண்டியின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்யும் வேலை. உலகத்தில் அதிகம் புழங்கும் விகிதம் 'எச்.ஓ.' எனப்படும் 87-இல் ஒரு பங்கு. சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் ரயில் பெட்டியின் நீளம் 21,337 மி.மீ.; எச்.ஓ.வில் அது 245 மி.மீ. அதன் அகலம் 3,245 மி.மீ., இங்கே 37. பிளாட்பாரத்தில் நிற்கும் ஆள் இரண்டு சென்டிமீட்டர்கூட இருக்க மாட்டார்.

ஜெர்மன்காரர், ஆங்கிலேயர், ஜப்பானியர் எல்லோரும் தங்கள் ஊர் ரயிலைக் கடையில் வாங்கலாம். ஜெர்மனியின் மார்க்லின் கம்பெனி 1891-இலேயே தண்டவாள அளவை வகைப்படுத்தி ரயில் பொம்மைகளை விற்கத் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் தொடங்கினார். நம் காரைக்குடி வண்டியை அப்படிக் கடையில் கேட்டு வாங்க முடியாது. வேறொரு நாட்டு வண்டியை வாங்கி, அறுத்து, ஒட்டி, தேய்த்து, சாயம் பூசித்தான் அதை நம் ஊர் வண்டியாக்க வேண்டும். வெளிநாட்டில் மாடலை மாற்றுவதும் நுணுக்கம் சேர்ப்பதும் விருப்பப்பட்டவர் செய்கிற கூடுதல் வேலை. இங்கே வேலை தொடங்குவதே அதில்தான்.

எந்த வண்டி, எந்தத் தண்டவாளம்

காரைக்குடியின் ரயில் வரலாறு மீட்டர் கேஜ் வரலாறு. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக மானாமதுரை போகும் பாதை அப்படித்தான் போடப்பட்டது. பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர் போகும் பாதையும் அதே அகலம்தான். 1992-இல் பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் 'யூனிகேஜ்' திட்டம் வந்தது. மானாமதுரைப் பாதை முதலில் அகலப்பாதையானது. திருவாரூர்ப் பாதையில் 2012 வரை மீட்டர் கேஜ் ஓடி, பிறகு ரயிலே இல்லாமல் பல வருஷம் கிடந்து, 2019-இல்தான் முழுப் பாதையும் மறுபடி உயிர்பெற்றது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சின்னத் தண்டவாளத்தைக் காட்ட இன்று ஊட்டி மலை ரயிலுக்குத்தான் கூட்டிப் போக வேண்டும்.

அந்தப் பாதைகளில் கடைசிக் காலத்தில் இழுத்த எஞ்சின் ஒய்.டி.எம்.-4. அமெரிக்க ஆல்கோ கம்பெனியின் டி.எல். 535 வரிசையைச் சேர்ந்தது. பிறகு வாரணாசியிலேயே தயாரானது. அதே வரிசையில் பிறந்த வேறு சில எஞ்சின்கள் அலாஸ்காவையும் கனடாவின் யூகான் பகுதியையும் இணைக்கும் ஒயிட் பாஸ் பாதைக்குப் போயின. பனிமலையில் ஓடிய அந்த எஞ்சினை ஜெர்மனியின் எல்.ஜி.பி. கம்பெனி மாடலாகச் செய்து விற்றது. அதற்கு உறவான நம் எஞ்சின் செம்மண் காட்டில் எத்தனையோ வருஷம் உழைத்தும் அந்த மரியாதையைப் பெறவில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

அடுத்தது தண்டவாளம். கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அதை 87-ஆல் பெருக்கினால் 1,435 மி.மீ. வரும், ஐரோப்பா, அமெரிக்காவின் அளவு அது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ. சரியாகச் சுருக்கினால் 19.3 மி.மீ. வேண்டும். இந்திய வண்டி செய்பவர்கள் பெரும்பாலும் இந்தக் குறையைப் பொறுத்துக்கொண்டு 16.5-இலேயே ஓட்டுகிறார்கள். நானும் அதைக் குறை சொல்ல மாட்டேன். மீட்டர் கேஜ் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆயிரம் மி.மீ. பாதைக்கு 11.5 வேண்டும், 12 மி.மீ. தண்டவாளம் ஐரோப்பாவில் கிடைக்கிறது. ஒடுங்கிய பாதைமேல் இருபுறமும் பிதுங்கி நிற்கும் பெட்டிதான் மீட்டர் கேஜின் முகம். அகலமான பாதையில் அதை வைத்தால் அந்த முகம் போய்விடும்.

அறுக்கிற வேலை

அகலப்பாதை எஞ்சின் செய்பவருக்கு வழி சற்று எளிது. நம் டபிள்யூ.டி.எம்.-2, 1962-இல் ஆல்கோவிலிருந்து வந்தது. அதன் மூன்று அச்சு போகியில், அதாவது சக்கரச் சட்டத்தில், அச்சுகளுக்கிடையே உள்ள இடைவெளி சமமாக இருக்காது. இரண்டு நெருங்கியும் ஒன்று விலகியும் நிற்கும். அதே வகை போகியுள்ள பழைய அமெரிக்க ஆல்கோ எஞ்சின்களின் மாடல்கள் எச்.ஓ.வில் உண்டு. அப்படி ஒன்றை வாங்கி, மோட்டாரும் அடிச்சட்டமும் இருக்க, மேல் உடலை மட்டும் புதிதாகக் கட்டலாம். சமமான இடைவெளியுள்ள போகியை வைத்துவிட்டு மேலே எவ்வளவு அழகாகச் சாயம் பூசினாலும், ரயில் பார்த்து வளர்ந்தவர் கண்ணுக்கு அது வேறு எஞ்சினாகவே தெரியும்.

உடலுக்கு அரை மி.மீ. ஸ்டைரீன் ஷீட் நல்லது. கிடைக்காத இடத்தில் காலாவதியான ஏ.டி.எம். கார்டும் பழைய அடையாள அட்டையும் உதவும். கைப்பிடிக் கம்பிக்கு மின்வயரை உரித்தால் வரும் மெல்லிய செம்புக் கம்பி. ஹாரனுக்கு இன்சுலின் ஊசியின் துண்டு. ஜன்னல் கம்பிகள்தான் பொறுமையைச் சோதிக்கும். நம் இரண்டாம் வகுப்புப் பெட்டியின் ஜன்னலில் படுக்கைவசமாக ஓடும் கம்பிகளை ஒவ்வொன்றாக ஒட்டுவதற்குள் முதுகு பிடித்துக்கொள்ளும். இப்போது முப்பரிமாணப் பிரிண்டர் வந்து, ரெசினில் முழுப் பெட்டியையே அச்சடித்துத் தருகிறார்கள். அது பெரிய வரம். ஆனால் கணினியில் வரைகிறவர் கையில் சரியான அளவு இருந்தால்தான் அச்சிலும் சரியாக வரும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம்.

நம் சீமையின் வானிலைக்கும் ஒரு வார்த்தை. சித்திரை வெயிலில் ஏர்பிரஷிலிருந்து கிளம்பும் சாயம் காற்றிலேயே காய்ந்து மேற்பரப்பு சொரசொரவென்று ஆகிவிடும். ஐப்பசி ஈரத்தில் வார்னிஷ் அடித்தால் வெளுத்துப்போகும். ஃபெவிக்விக் ஒட்டிய இடத்தைச் சுற்றியும் வெள்ளைப் படலம் படரும். தை, மாசிக் காலைகள்தான் சாயம் பூச ஏற்றவை.

அழுக்கும் ஓர் அளவுதான்

சாயம் பூசி முடித்த பெட்டி புத்தம் புதிதாகப் பளபளக்கும். அப்படிப் பளபளத்த ரயிலை யார் பார்த்திருக்கிறார்கள்? வண்டியைப் பழையதாக்கும் வேலைக்கு 'வெதரிங்' என்று பெயர். இந்தக் கலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். இதில்தான் ஊர் தெரியும்.

ஐ.சி.எஃப். பெட்டியின் பிரேக் கட்டைகள் தேய்ந்து உதிரும் இரும்புத்தூள், போகியையும் பெட்டியின் கீழ்ப்பகுதியையும் பழுப்பாக்கும். எஞ்சினுக்கு அடுத்த பெட்டியின் கூரையில் புகைக்கரி படியும். ஜன்னலுக்குக் கீழே வெற்றிலைச் சாறு வழிந்த சிவப்புக் கோடு இருக்கும். கதவுப் படியில் மட்டும் சாயம் தேய்ந்து உலோகம் தெரியும், ஏறி இறங்கும் கால்கள் எல்லாம் அங்கேதான் படுகின்றன. இவற்றையெல்லாம் நீர்த்த எண்ணெய்ச் சாயத்தாலும் சாக்கட்டித் தூளாலும் கொண்டுவரலாம். எந்தக் கறை எதனால் வந்தது என்று தெரிந்து பூசினால் அது வண்டியின் வயதைச் சொல்லும். தெரியாமல் எல்லா இடத்திலும் பழுப்பை இழுகினால் வெறும் அழுக்கு.

நிறமும் காலத்தைச் சொல்லும். அரக்குச் சிவப்புப் பெட்டி ஒரு தலைமுறை. இரு நீலப் பெட்டி அடுத்த தலைமுறை. இரண்டையும் ஒரே வண்டியில் கலந்து ஓட்டினால் மாறிக்கொண்டிருந்த சில வருஷங்களைக் காட்டலாம்.

தரைக்கு நம் செம்மண்ணையே சலித்துப் போடலாம். கடையில் விற்கும் எந்தப் பொடியும் அந்த நிறத்துக்கு வராது. ஒரே எச்சரிக்கை: காரைக்குடி மண்ணில் இரும்பு அதிகம். போடுமுன் காந்தத்தை நாலைந்து தடவை மண்ணில் ஓட்டி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சினின் மோட்டாரில் இருக்கும் காந்தம் அந்தத் துகள்களை இழுத்துக்கொண்டு மோட்டாரைப் பாழாக்கும்.

மனிதர்களுக்கு ஜெர்மனியின் பிரைசர் கம்பெனி உருவங்கள் பிரசித்தம். ஆனால் அவர்கள் கோட்டும் கவுனும் போட்டவர்கள். டிஷ்யூ தாளைத் துணுக்காக வெட்டி, நீர்த்த பசையில் நனைத்துச் சுற்றினால் வேட்டியாகும், சேலையாகும். மடிப்பும் தானாக விழும். தைப்பூசத்துக்குப் பழனி போகும் நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடும் காட்சியை இப்படிச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஆத்தங்குடி ஓடு 20 செ.மீ. என்று வைத்தால் எச்.ஓ.வில் 2.3 மி.மீ.; அதில் பூ வரைய முடியாது, அச்சடித்து ஒட்டத்தான் வேண்டும்.

ரயில் வேண்டாம் என்றால் பஸ்

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் ரயிலைச் சொல்ல மாட்டேன். எஞ்சின் இறக்குமதி, விலை ஆயிரக்கணக்கில். பஸ்ஸிலும் காரிலும் தொடங்கலாம்.

நம் நாட்டுச் சிறிய வாகனங்களுக்கும் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் டிங்கி கம்பெனி பயன்படுத்தி முடித்த அச்சுகளைக் கொண்டு கல்கத்தாவில் 'நிக்கி டாய்ஸ்' உலோகக் கார்களை வார்த்தது. தேய்ந்த அச்சு என்பதால் விளிம்புகள் மழுங்கியிருக்கும். இன்று சேகரிப்பவர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். இப்போது எளிதில் கிடைப்பது சென்டி டாய்ஸின் பிளாஸ்டிக் வண்டிகள். அவற்றில் ஓர் அம்பாசடர் வாங்கி, புல்-பேக் மோட்டாரைக் கழற்றி, அச்சின் பிசிறுகளைத் தேய்த்து, வெள்ளை அடித்து, கண்ணாடி ரப்பருக்குக் கறுப்புக் கோடும் பம்பருக்கு அலுமினியத் தாளும் ஒட்டி, டி.என். 63 என்று நம்பர் எழுதினால் சிவகங்கை மாவட்டத்துக் கார் ரெடி. நிஜ அம்பாசடர் 2014-இல் உத்தர்பாராவில் நின்றுபோனது.

பஸ்ஸை அடியிலிருந்தே கட்டலாம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இளைஞர்கள் சன்போர்டு என்னும் நுரைப் பலகையை வெட்டி ஒட்டிச் செய்யும் பஸ்கள் கரூரில் பாடி கட்டிய நிஜ பஸ் அளவுக்கே நுணுக்கமாக இருக்கின்றன. பலகையில் எழுதும் ஊர்ப்பெயர் ஸ்டிக்கர் கடையிலேயே கிடைக்கும். காரைக்குடியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த மருது பாண்டியர் போக்குவரத்துக் கழக பஸ்ஸை யாராவது செய்ய வேண்டும். 1997-இல் கழகங்களின் பெயர்கள் மாறியதோடு அந்த எழுத்தும் பஸ் உடலிலிருந்து போயிற்று. குன்றக்குடித் திருவிழாவில் எடுத்த குடும்பப் புகைப்படங்களின் பின்னணியில் அப்படியொரு பஸ் நின்றிருந்தால், அந்தப் படம் பொக்கிஷம்.

வளவில் ஒரு ஜங்ஷன்

இந்தியாவில் பொதுமக்கள் பார்க்கக்கூடிய பெரிய மாடல் ரயில் காட்சி புனேயில் இருக்கிறது. பி.எஸ். ஜோஷி வாழ்நாள் முழுதும் சேர்த்துச் செய்ததை 1998-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார். அதுபோல ஒன்று செட்டிநாட்டில் அமைய வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்கின் பெரிய பஞ்சம் இடம். புதுப் பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி மட்டுமே எச்.ஓ.வில் 83 செ.மீ.; முழுப் பாலம் 23 மீட்டருக்கு மேல் வரும். இருபத்துநாலு புதுவகை எல்.எச்.பி. பெட்டி கொண்ட வண்டி ஆறரை மீட்டர். நகரத்து அடுக்ககத்தில் இதற்கு இடமில்லை; எல்லோரும் பாலத்தையும் வண்டியையும் குறுக்கித்தான் செய்கிறார்கள். இங்கே தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் பட்டாலை என்னும் கூடத்தின் நீளத்துக்குக் காரைக்குடி ஜங்ஷனை ஒரு பெட்டிகூடக் குறைக்காமல் வைத்துவிடலாம்.

அதற்கு முன்னால் அவசரமாகச் செய்ய வேண்டியது அளப்பது. பழைய வடிவ ஐ.சி.எஃப். பெட்டியின் தயாரிப்பு 2018 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஓடுபவையும் குறைந்துகொண்டே வருகின்றன. மீட்டர் கேஜை யாரும் அளந்து வைக்காமல் விட்டதன் கஷ்டத்தை ஒவ்வொரு ஜன்னலிலும் அனுபவிக்கிறோம். பழைய வண்டிகளை அருகில் நின்று பார்க்கப் பெரம்பூர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் 2014-இல் திறந்த திருச்சி அருங்காட்சியகமும் உண்டு. ஸ்டேஷனில் நிற்கும் பெட்டியைப் படமெடுக்க விரும்புபவர் முதலில் நிலைய அதிகாரியிடம் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும்; தண்டவாளத்தில் இறங்கக் கூடாது. பெட்டிக்கு நேர் எதிரே, முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுத்தால் கோணல் குறையும். ஒரு மீட்டர் அடையாளமிட்ட குச்சி ஒன்று படத்தில் எங்காவது தெரிய வேண்டும். கூரை, கழிவறை ஜன்னல், இரு பெட்டிகளுக்கு நடுவே உள்ள பகுதி, போகியின் பக்கவாட்டு: பொதுவாக யாரும் படமெடுக்காத இந்த நான்கையும் விடாமல் எடுத்து, தேதியும் பெட்டி எண்ணும் எழுதி வையுங்கள்.